பாங்காக்கில் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தால்?

கேள்வி: மே மாத லீவில் பாங்காக், பட்டாயா போகிறோம். மகளுக்கு மூன்று வயது, 12 கிலோ இருக்கிறாள். போன வருஷம் ஊட்டிக்குப் போனதற்கே வாந்தி, பேதி என்று படுத்தி எடுத்துவிட்டாள். "இந்த வயசுக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு எதுக்கு ஃபாரின்" என்கிறார் மாமியார். கணவரோ ஆன்டிபயாடிக் வரைக்கும் எல்லாவற்றையும் பையில் கட்டச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, ஈரோடு

பதில்: இரண்டு பேர் பேச்சையும் பாதி கேளுங்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் ஆன்டிபயாடிக்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வரும் பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது, சில குழந்தைகளுக்குப் பேதியைக் கூட்டியும் விடும். பேதியை நிறுத்தப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் லோபரமைடு மாத்திரையைக் கிள்ளிக்கூடக் கொடுக்காதீர்கள்.

கட்டாயம் வேண்டியது ஓஆர்எஸ் பாக்கெட், அதாவது பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பொடி. ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அங்கே கடையில் கிடைக்கும் விளையாட்டு வீரர்களுக்கான எலக்ட்ரோலைட் பானம் இதற்கு மாற்று கிடையாது, அதில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. (நம் ஊரிலும் இதே கூத்துதான். ஓஆர்எஸ் என்று பெயரில் போட்டுக்கொண்டு இனிப்புப் பானம் விற்பதை 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தடுத்தது.) ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் உங்கள் மகள் வயதுக்கு 100 முதல் 200 மில்லி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக ஆரம்பியுங்கள். டம்ளரோடு நீட்டினால் குடித்த வேகத்தில் வெளியே வந்துவிடும், அப்புறம் "தண்ணிகூட நிக்கலை" என்று பயப்படுவீர்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு தடவைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்றால் உங்கள் மகளுக்கு 6 மில்லி, அதே 5 மில்லியில் 250 இருக்கும் சிரப் என்றால் 3 மில்லிதான். வெளிநாட்டில் வாங்கும் பாட்டிலில் அளவு வேறாக இருக்கலாம், அமெரிக்காவில் பெயரே அசெட்டமினோஃபென். அதனால் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். தாய்லாந்தில் டெங்கு உண்டு என்பதால் ஐபுப்ரோஃபென் பக்கம் போகாதீர்கள், ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு எங்குமே கூடாது.

ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் சோர்ந்து சாய்கிறாள், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹோட்டலில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் சித்தியிடம் கைவைத்தியம் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே மருத்துவ அவசர எண் 1669. சுற்றுலாப் போலீஸ் 1155, பாஷை பிரச்சினை என்றால் இவர்களைக் கூப்பிடலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்தே ஆரம்பிக்கும், அதனால் காய்ச்சல் விட்டதும் கடுமையான வயிற்றுவலி, தொடர் வாந்தி, பல் ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் தாமதிக்காதீர்கள். ஊருக்கு வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், தாய்லாந்து போய் வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டிராவல் இன்ஷூரன்ஸ் இருந்தால் ஆஸ்பத்திரியில் பணம் கட்ட வேண்டாமா?
- வாசகர், மதுரை

பதில்: பாலிசியைப் பொறுத்தது. அட்மிட் செய்வதென்றால் பாலிசியில் இருக்கும் 24 மணி நேர உதவி எண்ணுக்கு முதலில் பேசுங்கள், கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டுவது) கிடைக்குமா என்பது அங்கேதான் தெரியும். வெளிநோயாளியாகக் காட்டினால் பெரும்பாலும் நாம் கட்டிவிட்டு, பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும். அசல் பில், டாக்டர் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே ஆஸ்துமா, வலிப்பு இருந்தால் பாலிசி எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், மறைத்தால் கிளெய்மை நிராகரிக்க அதுவே போதும்.

கேள்வி: போன இடத்தில் அம்மை போட்டுவிட்டால் விமானத்தில் ஏற்றுவார்களா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. டாக்டர் சான்றிதழும் கேட்கலாம். டிக்கெட் தேதியை மாற்றும் செலவு உங்கள் பாலிசியில் சேருமா என்று கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.