தென் கொரியாவின் பூசானில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் பக்கத்துப் பழைய நகரமான கியோங்ஜுவைப் பார்த்துவிட முடியுமா? எதை முதலில் பார்ப்பது?

முடியும். காலையில் மலைப்பக்கம், மதியத்துக்கு மேல் ஊருக்குள் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் பாதி நாள் பேருந்து நிறுத்தத்திலேயே போய்விடும்.

பூசானிலிருந்து கேடிஎக்ஸ் அதிவேக ரயில் அரை மணி நேரத்தில் போய்விடும் என்று பலரும் அதைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த ரயில் நிலையம் ஊருக்கு வெளியே, பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஊருக்குள் இருந்த பழைய நிலையத்தை 2021இல் மூடிவிட்டு, 2023இல் வெளியே இருப்பதற்கே கியோங்ஜு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பினால் குழப்பம்தான். பூசான் மெட்ரோ 1ஆம் தடத்தின் கடைசி நிறுத்தமான நோபோவில் வெளியூர்ப் பேருந்து ஏறுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் கியோங்ஜு ஊருக்குள்ளேயே இறங்கலாம். வழி பார்க்க கூகுள் மேப் சரிவராது, நேவர் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

பேருந்து நிலையத்திலிருந்து புல்குக்சா கோயிலுக்கு 10, 11 எண் பேருந்துகள் இரண்டுமே போகும். இரண்டும் ஒரே வட்டத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. போகும்போது 11, திரும்பும்போது 10. மாற்றி ஏறினால் பொமுன் ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

புல்குக்சாவின் மரக் கட்டடங்கள் 1593இல் ஜப்பானியப் படையெடுப்பில் எரிந்துபோயின. இன்று நிற்பவை பிறகு கட்டியவை, பல 1970களின் தொடக்கத்தில் எழுப்பியவை. 8ஆம் நூற்றாண்டு சில்லா அரசு (கியோங்ஜுதான் அதன் தலைநகர்) காலத்தது கல்வேலைதான், அதற்கே நேரம் கொடுங்கள். முன்பக்கக் கற்படிகள் மொத்தம் 33, அவற்றில் ஏற விடமாட்டார்கள். படிக்கு இடப்பக்கம் போய் மேடையின் அடிச்சுவரைப் பாருங்கள். கீழே செதுக்காத பாறைகள் கிடக்கும். அவற்றின் மேல் வைத்த கல்லின் அடிப்பக்கத்தைப் பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பவே வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் இதைக் கவனிக்காமல் உள்ளே ஓடிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் தபோதாப் கோபுரம்தான் 10 வோன் நாணயத்தில் இருப்பது.

அங்கிருந்து சொக்குராம் குகைக்கோயிலுக்கு 12ஆம் எண் பேருந்து. ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான். ஆகவே புல்குக்சாவில் நுழையும் முன்பே நேரப் பலகையைப் பார்த்துவிடுங்கள். தவறினால் மலைப்பாதையில் ஒரு மணி நேர ஏற்றம். சொக்குராமில் புத்தரைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும், படம் எடுக்கக் கூடாது. ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஆனால் காரணம் உண்டு. 1913க்குப் பின் நடந்த பழுதுபார்ப்பில் கற்குவிமாடத்தின் மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள். காற்றோட்டம் கெட்டு, உள்ளே ஈரம் கோத்துக்கொண்டது. இன்றும் இயந்திரம் வைத்துத்தான் ஈரத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். புத்தருக்குப் பின்னால் உள்ள ஒளிவட்டம் தலையோடு ஒட்டியதல்ல, பின்சுவரில் தனியாகப் பதித்தது. நேர் எதிரே நின்றால்தான் தலையைச் சுற்றிச் சரியாக அமையும்.

இரண்டு கோயிலுக்கும் 2023 மே மாதத்திலிருந்து நுழைவுக் கட்டணம் இல்லை.

மதியச் சாப்பாட்டைப் புல்குக்சா அடிவாரத்தில் முடித்துவிடுங்கள். சைவக்காரர்களுக்கு சான்சே பிபிம்பாப் (மலைக்கீரைகள் போட்ட சோறு) பொருந்தும். 'கோகி பே ஜுசெயோ' என்றால் இறைச்சியை எடுத்துவிடுவார்கள். ஆனால் கூடவே வரும் சூப்பில் நெத்திலி இருக்கலாம், கிம்ச்சியில் மீன் சாறு இருக்கலாம். முட்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது 10இல் ஏறி தேசிய அருங்காட்சியகத்தில் இறங்குங்கள். இலவசம்தான், ஆனால் சாதாரண நாட்களில் மாலை 6 மணிக்கு மூடிவிடும். வெளியே தொங்கும் 771ஆம் ஆண்டு வெண்கல மணி 18.9 டன். அதன் உடம்பில் முழந்தாளிட்டு மிதக்கும் தேவ உருவங்களைக் கிட்டே போய்ப் பாருங்கள்.

மீதி எல்லாம் நடை தூரம். வோல்ஜி குளத்தைப் பகலில் பார்த்துப் பயனில்லை. இருட்டிய பிறகு மண்டபங்களின் விளக்கு நீரில் விழும்போதுதான் அழகு. 3,000 வோன், இரவு 9.30 வரை அனுமதி. குளிர்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடுவதால் அருங்காட்சியகத்திலிருந்து நேரே வோல்ஜி, அடுத்து சொம்சொங்தே வானாய்வுக் கோபுரம், கடைசியாக தேரங்வோன் அரச சமாதி மேடுகள் என்று பேருந்து நிலையத்தை நோக்கியே நடந்து வந்துவிடலாம். கோடையில் முதலில் சமாதி மேடுகளைப் பார்த்துவிட்டு வோல்ஜிக்குத் திரும்ப வேண்டும். அந்த மேடுகளில் 1973இல் தோண்டிய சொன்மாச்சோங் என்ற ஒன்றுக்குள் மட்டும்தான் நுழைய முடியும், அதை விட்டுவிடாதீர்கள்.

நோபோவுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள். அது வோல்ஜியோடு மோதினால் ஓர் இரவு அங்கேயே தங்குவதுதான் நல்லது.