கப்பல் பதிவில் உள்ள பழைய ஊர்ப்பெயரை இன்றைய பெயராக மாற்றலாமா?

உங்கள் கொள்ளுப்பாட்டனார் இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கப்பலேறியபோது எழுதப்பட்ட பதிவில் 'வட ஆர்க்காடு ஜில்லா' என்றிருப்பதைக் குடிவழி (வம்சாவளி) இணையதளத்தில் 'வேலூர், தமிழ்நாடு' என்று திருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருத்த வேண்டாம். அவர் கப்பலேறிய காலத்தில் அந்த ஜில்லா மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. தமிழ்நாடு என்ற பெயர் 1969இல்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய பெயர் வெறும் பழைய பெயர் அன்று, ஊரைக் கண்டுபிடிப்பதற்கான தடயமும் அதுதான்.

இதை என் குடும்பம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1889இல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய எங்கள் பாட்டனாரின் கப்பல் பதிவில், தகப்பன் பெயர், வயது, இடது முழங்காலில் தழும்பு ஆகியவற்றோடு, சேலம் ஜில்லா, திருப்பத்தூர் தாலுகா என்றும், கிராமம் என்ற கட்டத்தில் 'கண்டெலி' என்று படிக்கத்தக்க ஓர் ஆங்கிலக் கிறுக்கலும் இருந்தன. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் அத்தை மகன் அதைத் தளத்தில் ஏற்றியபோது, சேலத்தில் திருப்பத்தூர் இல்லையே என்று எண்ணி, தளம் நீட்டிய பட்டியலிலிருந்து 'திருப்பத்தூர், சிவகங்கை' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அதைப் பார்த்து மேலும் நான்கு உறவினர்கள் அப்படியே படியெடுத்தார்கள்; ஒருவர் விமானமேறிப் போய்க் காரைக்குடிப் பக்கம் ஒரு வாரம் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். உண்மையில் ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள திருப்பத்தூர் 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது, பிறகு வட ஆர்க்காட்டுக்குப் போனது, 2019இல் தனி மாவட்டமாயிற்று. அந்தத் திருப்பத்தூரை ஒட்டியே கந்திலி என்ற ஊர் இருக்கிறது. 'சேலம்' என்ற சொல்லை அழிக்காமல் இருந்திருந்தால் விமானச் செலவு மிஞ்சியிருக்கும்.

ஆகவே பிறந்த இடத்தில் பதிவில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். இன்றைய பெயரையும் அது உங்கள் ஊகம் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவிலுள்ள ஊர்களுக்கும் இதே முறைதான். 1912இல் ஸ்டேஞ்சரில் பிறந்த தாத்தாவை அவ்வூரின் இன்றைய பெயரான க்வாடுகுசாவில் பிறந்தவராகவோ, 1994இல் உருவான க்வாஸூலு-நேட்டால் மாகாணத்தில் பிறந்தவராகவோ காட்டக்கூடாது. 1889இல் இறங்கியவரைத் 'தென்னாப்பிரிக்கா' வந்தவர் என்பதும் சரியன்று, ஏனெனில் 1910 வரை நேட்டால் தனிக் காலனி. இறப்புச் சான்றில் ஆயாவின் பிறப்பிடம் 'மெட்ராஸ்' என்று மட்டும் இருந்தால் அதைச் சென்னை என்று மாற்றாதீர்கள், பல வேளைகளில் அது கப்பலேறிய துறைமுகத்தையோ மாகாணத்தையோதான் குறிக்கும்.

உங்கள் பதிவில் ஜில்லாவுக்கு அடுத்த கட்டத்தைப் பாருங்கள். அங்கே தாலுகா போளூர் என்றிருந்தால் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் தேட வேண்டும். சந்திரகிரி என்றிருந்தால், வேலூரை விட்டுவிட்டு ஆந்திராவில் தேட வேண்டும்.