நன்றியுணர்வை அன்றாட ஆன்மிக வாழ்வில் கொண்டுவருவது எப்படி? சாமி முன் நின்றால் வேண்டுதல் மட்டும்தானே வருகிறது?

எனக்கும் அப்படித்தான். கோயிலில் கண்ணை மூடினால் தேவைப் பட்டியல்தான் ஓடும். நடுவில் ஒரு வருஷம், தூங்கப் போகுமுன் நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை டைரியில் எழுதிப் பார்த்தேன். பத்து நாளுக்குள் ‘காபி நன்றாக இருந்தது’ என்று மூன்றாவது தடவை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் மனசை அதன் போக்கில் விட்டுவிட்டு, கையைப் பழக்குங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் பார்த்தது அது.

எங்களுக்குக் கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி. அப்பா தையற்கடை வைத்திருந்தார். காலையில் போணியாகும் காசு, கிழிந்த பாக்கெட் தைத்த பத்து ரூபாயாக இருந்தாலும், கத்தரிக்கோலில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் டிராயருக்குள் போகும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ராத்திரி மிஷினைத் திறந்து, பாபினுக்கு அடியில் அடைத்திருக்கும் நூல் தூசியைக் குண்டூசியால் நோண்டி எடுத்து, எண்ணெய் விடுவார். மறுநாள் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் எவ்வளவு அவசர ஜாக்கெட்டாக இருந்தாலும் மிஷினை மிதிக்க மாட்டார். அதற்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா என்பார். (அன்றைக்கு நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவதை மட்டும் நான் நன்றிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பின்னால் பைக்கில் வருகிறவர் வாயில் வருவது வேறு வார்த்தை.)

அம்மாவிடம் பிடி அரிசி. சோறு வடிக்க அளந்த அரிசியைக் களையுமுன் ஒரு பிடி எடுத்து, அலமாரி மூலையில் இருக்கும் டப்பாவில் போடுவார். டப்பா நிரம்பினால், பக்கத்திலேயே வடலூர். பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடும் தருமசாலையில் கொடுத்துவிட்டு வருவோம். 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அம்மாவுக்கு வருஷமெல்லாம் தெரியாது. “நமக்குச் சோறு யார் யார் கையாலயோ வருது. எல்லாருக்கும் தேடிப்போயித் திருப்பிக் குடுக்க முடியுமா? பசிச்சவங்களுக்குப் போவட்டும்” என்பார்.

2011 டிசம்பர் 30, தானே புயல். ஓடு பறந்து, வாசல் முருங்கை சாய்ந்து, கரண்ட் நாள்கணக்கில் இல்லை. அப்பா கடை திறக்கவில்லை. வீட்டில் அரிசி மூட்டை அடி தட்டியிருந்தது. மூன்றாம் நாள் விறகடுப்பில் உலை வைத்தபோதும் அம்மாவின் கை டப்பாவுக்குப் போனது. “இப்பக்கூடவாம்மா?” என்று எரிந்து விழுந்தேன். அம்மா கையை விரித்துப் பார்த்தார். பாதியை முறத்திலேயே திருப்பிப் போட்டார். மீதி டப்பாவுக்குள் விழுந்தது. எதுவும் பேசவில்லை.

இப்போது நான் சென்னையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வருகிறேன். பெரும்பாலான நாளில் ஒரு உணர்ச்சியும் இருக்காது, குக்கர் அவசரம்தான். எப்போதாவது அந்த அரைப் பிடி ஞாபகம் வந்து கை ஒரு நொடி நிற்கும். சில நாள் அரிசியைக் களைந்த பிறகுதான் நினைவே வரும். ஈர அரிசியைப் போட்டால் பூசணம் பிடிக்கும். மூட்டையைத் திரும்பப் பிரித்து ஒரு பிடி எடுத்துப் போடுவேன்.