ட்ரைகார்டர் செய்யலாம், நோய் சொல்லத்தான் வேண்டாம்

கேள்வி: நங்கநல்லூரில் வசிக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அவளுடைய இரண்டு தோழிகளும் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடரின் தீவிர ரசிகைகள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அதில் வரும் ட்ரைகார்டரை, அதாவது எதை நோக்கி நீட்டினாலும் அதைப் பற்றிச் சொல்லிவிடும் கையடக்கப் பெட்டியை, செய்யப் போவதாகச் சொல்கிறார்கள். வெறும் பொம்மையாக இருந்தால் ஆசிரியை ஒப்புக்கொள்ள மாட்டாராம்; உண்மையாகவே எதையாவது அளக்க வேண்டுமாம். ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? ‘இது நோயைக் கண்டுபிடிக்குமா’ என்று நடுவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். 1980களில் தூர்தர்ஷனில் இந்தத் தொடரைப் பார்த்த எனக்கு, பிள்ளைகள் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பதே மகிழ்ச்சி.

தொடரில் விண்கலத்தின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் தன் ட்ரைகார்டர் பெட்டியைத் திருப்பினால் போதும். பாறைக்குள் இருக்கும் தாது, குகைக்குள் பதுங்கியிருக்கும் உயிர் எல்லாம் தெரிந்துவிடும். அங்கேதான் அறிவியல் முரண்டு பிடிக்கிறது. ஒரு பொருளிலிருந்து ஒளி, வெப்பம், ஒலி என்று ஏதாவது கிளம்பி வந்து சென்சாரைத் தொட்டால்தான் அதைப் பற்றி எதையும் அறிய முடியும். எதுவும் வரவில்லை என்றால் எந்த நூற்றாண்டுக் கருவியாக இருந்தாலும் கை விரிக்க வேண்டியதுதான். ஆகவே பிள்ளைகள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘தள்ளி நிற்கும்போது நம்மிடம் வந்து சேர்வது எது?’

வெப்பக் கதிர் வந்து சேரும். கொரோனா காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த வகை அகச்சிவப்பு வெப்பமானிதான் எம்எல்எக்ஸ்90614 என்ற சென்சார். தொடாமலே அளப்பதால் தொடரின் சாயலுக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் வகையின் பார்வைக் கோணம் 90 டிகிரி. ஓர் அடி தள்ளிப் பிடித்தால் இரண்டடி அகல வட்டத்தின் சராசரியைச் சொல்லும். நெற்றியோடு பின்னால் உள்ள சுவரும் சேர்ந்துவிடும். இரண்டு, மூன்று சென்டிமீட்டருக்குள் பிடிக்கச் சொல்லுங்கள். அழகுக்காக அதன் முன் கண்ணாடியோ அக்ரிலிக்கோ வைக்க ஆசைப்படுவார்கள். கூடாது, இந்த வெப்பக் கதிர் அவற்றை ஊடுருவாது. கருவி, கண்ணாடியின் வெப்பத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

கண்காட்சி மேசையில் இதை வைத்து ஒரு நல்ல வேடிக்கை காட்டலாம். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, அதன் பக்கவாட்டில் சென்சாரை நீட்டுங்கள். விரல் வைக்க முடியாத சூடு. திரையிலோ அறை வெப்பத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான எண்தான் வரும். பிறகு அதே டம்ளரில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று வரிசையாக ஒட்டி, அந்த இடத்துக்கு நேரே ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில் பிடியுங்கள். எண் சட்டென்று எகிறும். பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியிடுவதில் மகா கஞ்சன். சுற்றியிருக்கும் அறையின் கதிரைத்தான் பெரும்பாலும் திருப்பி அனுப்புகிறது. டேப் அப்படியில்லை, தோலும் அப்படியில்லை. அதனால்தான் இந்த வெப்பமானி மனிதர்களிடம் பலிக்கிறது, பாத்திரத்திடம் ஏமாறுகிறது. நடுவர் எதிரிலேயே கருவியை ஏமாற வைத்துக் காரணமும் சொல்லும் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுக்காமல் இருப்பது கடினம்.

அடுத்தது ‘உயிர் இருக்கிறதா’ என்ற சோதனை. ஏஎஸ்7341 என்ற சென்சார் கண்ணுக்குத் தெரியும் ஒளியை எட்டு நிறப் பட்டைகளாகப் பிரித்து அளக்கும். சிவப்பை அடுத்து வரும், கண்ணுக்குத் தெரியாத அருகு அகச்சிவப்பையும் தனியாக அளக்கும். பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு அருகு அகச்சிவப்பைத் தாராளமாகத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டின் விகிதத்தை வைத்துத்தான், 1988இல் ஏவப்பட்ட ஐஆர்எஸ்-1ஏ தொடங்கி, நம் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களின் படங்களிலிருந்து பயிர்ப்பரப்பைக் கணிக்கிறார்கள். உண்மையான ட்ரைகார்டர் வானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றே சொல்வேன். வேப்பிலையையும் பச்சைத் தாளையும் அருகருகே வைத்துக் காட்டலாம். சில சாயங்கள் இலையைப் போலவே நடிக்கும் என்பதால் தாளை முன்கூட்டியே சோதித்துத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: வகுப்பறை எல்இடி விளக்கில் அருகு அகச்சிவப்பு அநேகமாக இருக்காது. வெயில் விழும் ஜன்னலோரம் மேசை கேளுங்கள், அல்லது பழைய குண்டு பல்பு ஒன்றைக் கொண்டுபோங்கள்.

காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் பிஎம்இ280 என்ற ஒரே சில்லு அளக்கும். கடல் மட்டத்தை ஒட்டிய சென்னையில் ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். மாடிப்படி ஏறுவதையே இந்தச் சில்லு உணர்ந்துவிடும். ‘நாம் இருக்கும் உயரம்’ என்று திரையில் போடப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அங்கே ஒரு வம்பு இருக்கிறது. வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை, இரவு 10 மணியை ஒட்டி உச்சம். மாலை, விடியல் 4 மணியை ஒட்டித் தாழ்வு. வளிமண்டலத்து ஓசோனும் நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதால் எழும் அலை இது. காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே 2, 3 ஹெக்டோபாஸ்கல், அதாவது 200, 300 பாஸ்கல் குறைந்துவிடும். கண்காட்சி முடியும் நேரத்தில் பள்ளிக்கூடமே 15 முதல் 25 மீட்டர் உயரத்துக்குக் கிளம்பிவிட்டதாகக் கருவி அறிவிக்கும்! உயரத்தை விட்டுவிட்டு, அழுத்தத்தின் வரைபடத்தைக் காட்டுவதே மேல். ஒரு வாரம் மொட்டை மாடி நிழலில் பதிவு செய்தால் இந்த இரட்டை அலை தெளிவாக விழும். கோடை என்றால் கடற்காற்று நுழையும் வேளையில் வெப்பம் இறங்கி ஈரப்பதம் ஏறுவதையும் அதே தாளில் பார்க்கலாம்.

இனி நோய் விவகாரம். விரலை வைத்தால் நாடித்துடிப்பைச் சொல்லும் மேக்ஸ்30102 சில்லு மலிவாகவே கிடைக்கிறது. துடிப்பை மட்டும் காட்டுங்கள். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டவே வேண்டாம். மருத்துவமனைக் கருவிகளே தோலின் நிறம் மாறினால் தடுமாறுகின்றன. கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதாக 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அளவீடு சரிபார்க்காத ஒரு சில்லு 99 சதவீதம் என்று காட்டி, அதை நம்பி யாராவது ஒரு பாட்டியை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பொறுப்பு யாருடையது? நடுவர் கேட்டால் ‘இல்லை, கண்டுபிடிக்காது’ என்று நேராகச் சொல்லட்டும். கூடவே இதையும் சொல்லலாம்: வீட்டில் வைத்தே 13 உடல்நிலைகளைக் கண்டறியும், 2.3 கிலோவுக்குக் குறைவான கருவிக்காக 2012இல் ஒரு கோடி டாலர் ட்ரைகார்டர் போட்டி அறிவிக்கப்பட்டது. 2017இல் இரண்டு அணிகளுக்குப் பரிசு கிடைத்தது. ஆனால் எல்லா நிபந்தனைகளையும் முழுமையாக எட்டிய அணி இல்லை.

ரிச்சி தெருவில் ஒரு சங்கதியில் கவனம் தேவை. பிஎம்இ280 கேட்டால் ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280ஐக் கொடுத்துவிடுவது சகஜம்; கடைக்காரருக்கே தெரியாமலும் நடக்கும். சில்லுக்குள் அதன் அடையாள எண் இருக்கும் 208ஆம் ரெஜிஸ்டரை (நினைவிடத்தை) நிரல் மூலம் படித்துப் பாருங்கள்: 96 வந்தால் பிஎம்இ, 88 வந்தால் பிஎம்பி. எல்லாவற்றுக்கும் மூளையாக இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று போதும். மேலே சொன்ன சென்சார்களின் முகவரிகள் வெவ்வேறு என்பதால் எல்லாமே ஐ2சி எனப்படும், தரவு போய்வரும் ஒரே இரண்டு கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளும். அந்தக் கம்பிகளின் வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வெப்பமானி அதற்கு மேல் தாங்காது. மின்சாரத்துக்குத் தனி லித்தியம் செல்லைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். பவர் பேங்க் நல்லது. சில பவர் பேங்குகள் மின்னோட்டம் குறைவாக இருந்தால் தாமாகவே அணைந்துவிடும், முதல் நாளே ஓடவிட்டுப் பாருங்கள்.

பெட்டியை எப்படிச் செய்வது என்பதில் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுங்கள். 1966இல் அந்தத் தொடருக்காக வாங்கிய விநோத வடிவ உப்புக் குப்பிகள், உப்புக் குப்பியாகவே தெரியவில்லை என்று ஒதுக்கப்பட்டு, டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகளாகிவிட்டன. உங்கள் சமையலறையிலும் அப்படி ஒன்று இருக்கும். மூடியைக் கழற்றிவிட்டால் வெப்பமானி உள்ளே கச்சிதமாக உட்காரும். பிஎம்இ280ஐ மட்டும் பெட்டிக்கு வெளியே, காற்று படும்படி வையுங்கள். உள்ளே இருந்தால் இஎஸ்பி32 விடும் சூட்டில் இரண்டு, மூன்று டிகிரி கூட்டித்தான் காட்டும்.