மக்களோடு நிற்கிறவர் மேயர் தேர்தலில் நின்றால், எதை வைத்து அவரை எடைபோடுவது?

கேள்வி: எங்கள் நகரத்தில் மேயர் பதவிக்கு நிற்கும் ஒருவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். குடியிருப்போர் சங்கம், வெள்ள நிவாரணம், பள்ளிக்கூடப் பிரச்சினை என எல்லாவற்றிலும் முன்னால் நிற்பவர். மனிதர் நல்லவர். ஆனால் இவ்வளவு பெரிய நகரத்தை நடத்த அது போதுமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

நல்ல மனிதர் என்பது மட்டும் போதாது. ஆனால் உங்கள் கேள்வியிலேயே அதைவிடப் பெரிய தகவல் ஒன்று இருக்கிறது. அவர் தேர்தல் தேதி வந்த பிறகு தெருவில் இறங்கியவர் இல்லை, பல வருடங்களாக அங்கேயே நிற்கிறவர். அதை நான் மிகவும் மதிக்கிறேன். அதற்கு மேல் அவரிடம் நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான்: மேயரானதும் உங்கள் கைக்கு வரும் அதிகாரத்தில் எதை, எந்த அளவுக்கு, எந்த வழியில் மக்களிடம் கொடுக்கப் போகிறீர்கள்? இதற்கு அவரிடம் தெளிவான பதில் இருந்தால், நானாக இருந்தால் ஓட்டுப் போடுவேன்.

ஏன் இந்தக் கேள்வி என்று சொல்கிறேன். ஒரு மாநகராட்சித் தேர்தலில் இப்படிப்பட்ட ஒருவருக்காக நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன். அவருடைய பகுதியில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குடிநீர் வரவில்லை என்று வரிசையாகச் சொல்வார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, "நானே வந்து பார்க்கிறேன்" என்பார். வாய்ப்பேச்சு இல்லை, உண்மையிலேயே வருவார். ஆனால் பிரச்சாரம் அவருடைய பகுதியைத் தாண்டியதும் அந்த நோட்டு வேகமாக நிரம்ப ஆரம்பித்தது. "நானே வந்து பார்க்கிறேன்" என்பது ஒரு வார்டுக்குச் சரி. ஐம்பது லட்சம் பேர் வாழும் நகரத்தில் எந்த மனிதராலும் அது முடியாது. மேயர் நேரில் போகிற தெருவில் மட்டும் வேலை நடக்கும் என்றால், அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் எல்லாம் கிடைக்கும். அவர் மனதில் அப்படி ஒரு எண்ணமே இல்லாவிட்டாலும் கடைசியில் அங்கேதான் போய் முடியும்.

அதனால் அவருடைய அக்கறை, அவர் இல்லாத இடத்திலும் வேலை செய்யும் ஒரு ஏற்பாடாக மாற வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. பிரேசிலின் தெற்கே போர்ட்டோ அலெக்ரே என்ற நகரத்தில் நடந்திருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேல் மக்கள்தொகை உள்ள நகரம் அது. வங்கி ஊழியராக இருந்து தொழிற்சங்கத் தலைவரான ஒலிவியோ துத்ரா 1988 தேர்தலில் வென்று 1989இல் அங்கே மேயரானார். நகர பட்ஜெட்டில் புதிய பணிகளுக்கான பணத்தை எங்கே செலவழிப்பது என்பதை மக்கள் கூடி முடிவு செய்யட்டும் என்று அவருடைய நிர்வாகம் ஆரம்பித்தது. அது அவர் தனியாக யோசித்துக் கண்டுபிடித்ததும் இல்லை. குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு அதற்கு முன்பே அந்தக் கோரிக்கையை வைத்திருந்தது. பங்கேற்பு பட்ஜெட் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவது அங்கிருந்து வந்ததுதான்.

அது எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். நகரத்தை 16 பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் யார் வேண்டுமானாலும் வரக்கூடிய கூட்டம். அங்கே மக்கள் தங்கள் தேவைகளை வரிசைப்படுத்துவார்கள்: முதலில் பாதாளச் சாக்கடையா, சாலையா, வீடா. பிறகு தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பிரதிநிதிகள் நகர அளவிலான ஒரு குழுவில் உட்கார்ந்து பட்ஜெட்டைப் பேசி முடிப்பார்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதற்கு எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று இருந்தது. மக்கள்தொகை எவ்வளவு, வசதிகள் எந்த அளவுக்குக் குறைவு, மக்கள் எதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு. வசதி குறைந்த பகுதிக்குக் கூடுதல் பங்கு. சத்தமாகப் பேசுகிறவருக்கோ மேயருக்கு வேண்டியவருக்கோ அதில் இடம் குறைவு. நல்ல மனம் என்பது நிர்வாகமாக மாறினால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அங்கே கஜானா காலி. வருவாயில் மிகப் பெரும் பங்கு ஊழியர் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மக்கள் கூடி முடிவு செய்த வேலைகளைச் செய்யப் பணம் இல்லாததால், இரண்டாவது வருடம் கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். சொத்து வரியைத் திருத்தி வருவாய் உயர்ந்த பிறகு, சொன்ன வேலைகள் கண்ணெதிரே நடக்க ஆரம்பித்த பிறகுதான் கூட்டம் மறுபடி பெருகியது. ஆகவே உங்கள் வேட்பாளர் "உங்களைக் கேட்டுத்தான் செய்வேன்" என்று சொன்னால், "கேட்டபின் செய்யப் பணம் எங்கிருந்து வரும்?" என்பதையும் கூடவே கேளுங்கள். கேட்டுவிட்டுச் செய்யாமல் போனால், கேட்காமலே இருந்ததைவிட மக்களுக்குக் கோபம் அதிகமாக வரும். அது நியாயமான கோபமும்கூட.

போர்ட்டோ அலெக்ரேவில் துத்ராவின் கட்சி 16 வருடம் நகரத்தை ஆண்டது. 2004இல் தோற்ற பிறகு இந்த முறை படிப்படியாகப் பலவீனமானது. அடுத்து வருகிறவர் நினைத்தால் நிறுத்திவிடலாம் என்ற நிலையில் எதை விட்டுவைத்தாலும் இதுதான் நடக்கும். பட்ஜெட்டில் இத்தனை சதவீதம் என்று தீர்மானமாக எழுதிவைப்பது கொஞ்சமாவது பாதுகாப்பு. பாரிஸ் நகரம் 2014இல் இதை ஆரம்பித்தபோது முதலீட்டு பட்ஜெட்டில் 5 சதவீதம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தது. சிறிய பங்குதான், ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்த எண். நம் பக்கத்தில் கேரளம் 1996இல் மக்கள் திட்டத்தின் மூலம் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தது, அது எவ்வளவோ பெரிய பங்கு. உங்கள் வேட்பாளரிடமும் ஒரு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்குகிறவர் இன்னும் முடிவெடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மேயர் பதவிக்கு உங்கள் நகரத்தில் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பாருங்கள். இது ஊருக்கு ஊர் மாறும். நியூயார்க்கில் 2025 தேர்தலில் வென்ற சோரான் மம்தானியின் வாக்குறுதிகளையே எடுத்துக்கொள்ளலாம். அவரும் களத்திலிருந்து வந்தவர்தான். டாக்சி ஓட்டுநர்களின் கடன் சுமைக்காக 2021இல் நடந்த 15 நாள் உண்ணாவிரதத்தில் கலந்துகொண்டவர். வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் வீடுகளின் வாடகையை உயர்த்த விடமாட்டேன் என்றார். அந்த வாடகையைத் தீர்மானிக்கும் வாரியத்தின் 9 உறுப்பினர்களையும் நியமிப்பது மேயர் என்பதால், அது பெரும்பாலும் அவர் கைக்கு எட்டும் வேலை. பேருந்தில் இலவசப் பயணம் என்றும் சொன்னார். ஆனால் பேருந்துகளை நடத்தும் அமைப்பு மாநில அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பணக்காரர்களின் வருமான வரியை உயர்த்தவும் மாநில சட்டமன்றத்தின் சம்மதம் வேண்டும். மூன்றும் ஒரே மேடையில் சொல்லப்பட்ட வாக்குறுதிகள். நிறைவேற்றும் வழி மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. மேயரே முடிக்கக்கூடியது எது, மற்றவர்களிடம் போராடி வாங்க வேண்டியது எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் வேலையைப் புரிந்துகொண்டவர்.

இந்திய நகரங்களில் இது இன்னும் சிக்கல். பெரும்பாலான மாநகராட்சிகளில் நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. ஆணையரை நியமிப்பது மாநில அரசு. பல மாநிலங்களில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 1996இல் நேரடித் தேர்தல் நடந்தது, 2022இல் கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் அமைக்க வேண்டும் என்கிறது. சமூக அக்கறையோடு வருகிற எவரும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கமிட்டிகளைத்தான் என்பது என் கருத்து. சட்டமே கொடுத்திருக்கும் இடம் அது. அங்கே குடியிருப்பவர்கள் உட்கார வேண்டும், கூட்டம் நடக்கும் தேதி முன்கூட்டியே தெரிய வேண்டும், எடுத்த முடிவு வெளியே வர வேண்டும். தேதியையும் முடிவையும் வெளியிடவாவது புதிய சட்டம் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை.

மாமன்றத்தை மறந்துவிட்டு மேயரை மட்டும் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். சிகாகோவில் 1983இல் ஹெரால்ட் வாஷிங்டன் மேயரானார், அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயர். குடியிருப்புப் பகுதி அமைப்புகள் பெரிய அளவில் வாக்காளர்களைப் பதிவு செய்துதான் அவருக்கு வழி திறந்தது. ஆனால் 50 பேர் கொண்ட மன்றத்தில் 29 பேர் அவருக்கு எதிராக அணி சேர்ந்தார்கள். குழுக்களின் தலைமைப் பதவிகளைப் பிடித்துக்கொண்டு, அவர் செய்த நியமனங்களைக் கிடப்பில் போட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் சில வார்டுகளின் எல்லை மாற்றி வரையப்பட்டு, 1986இல் அந்த வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்த பிறகுதான் மன்றம் 25க்கு 25 என்று ஆனது. சம நிலையில் மேயரின் ஓட்டு முடிவு செய்யும் என்பதால் அப்போதுதான் அவரால் மூச்சுவிட முடிந்தது. 1987இல் மறுபடி வென்றார், அதே வருடம் நவம்பரில் பதவியிலேயே இறந்துபோனார். மக்கள் கொடுத்த காலத்தில் இவ்வளவு பங்கை மன்றத்தோடு மல்லுக்கட்டியே கழித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பார்சிலோனாவில் 2015இல் மேயரான அடா கொலாவுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டவர்களுக்காக உருவான இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 41 இடங்களில் அவருடைய அணிக்குக் கிடைத்தது 11. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மற்றவர்களின் ஆதரவைத் தேட வேண்டியிருந்தது. இயக்கத்தில் இருக்கும்போது எதிரில் நின்று கேட்டுப் பழகியவர்களுக்கு, பதவிக்கு வந்ததும் எதிரியோடும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. உங்கள் வேட்பாளருக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்பது பல வருடம் அவரைப் பார்த்த உங்களுக்குத்தான் தெரியும். சங்கத்தில் அவரோடு ஒத்துப்போகாதவர்களை அவர் எப்படி நடத்தினார்? அவர் சொன்ன யோசனை தோற்ற கூட்டத்துக்கு அடுத்த கூட்டத்திலும் வந்தாரா? சங்கக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வைத்தாரா? அவர் ஊரில் இல்லாத நாட்களிலும் சங்கம் நடந்ததா? மேடைப் பேச்சைவிட இந்தப் பதில்களை நான் நம்புவேன்.

செலவையும் கஷ்டத்தையும் தேர்தலுக்கு முன்பே சொல்கிறாரா என்பதையும் பாருங்கள். லண்டனில் 2000இல் முதல்முறை மேயர் தேர்தல் நடந்தபோது சுயேச்சையாக நின்ற கென் லிவிங்ஸ்டன், நகர மையத்துக்குள் வரும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிப்பதைத் தன் தேர்தல் அறிக்கையிலேயே வைத்தார். 2003 பிப்ரவரியில் 5 பவுண்டு கட்டணம் அமலுக்கு வந்தது, 2004இல் மறுபடி வென்றார். கொலம்பியாவின் பொகொட்டாவில் மேயராக இருந்த அன்டனாஸ் மோக்குஸ், முடிந்தவர்கள் விருப்பப்பட்டு 10 சதவீதம் கூடுதலாக வரி கட்டுங்கள் என்று 2002இல் கேட்டார். சுமார் 63,000 பேர் கட்டினார்கள். கட்டாயம் எதுவும் இல்லாமல் கட்டினார்கள்! மக்களிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். எல்லாம் தருகிறேன், எதுவும் வாங்க மாட்டேன் என்கிற வேட்பாளர் அந்த மக்களை நம்பவில்லை.

அனுபவம் இல்லையே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. பட்ஜெட்டையும் டெண்டரையும் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொடுக்க மாநகராட்சியிலேயே நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள். யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று மட்டும் பாருங்கள். பிரச்சாரத்துக்கு உழைத்தவர்களுக்கே எல்லாப் பொறுப்பும் என்றால் கவலைப்பட வேண்டும்.

பிரச்சாரம் முடிவதற்குள் அவரிடம் நேரில் பேச உங்களுக்கு வாய்ப்பு இருக்கும், பல வருடப் பழக்கம் இருக்கிறதே. மாநகராட்சியின் பட்ஜெட் அறிக்கை பெரும்பாலும் பொதுவெளியில் கிடைக்கும். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வையுங்கள். எந்தப் பக்கத்தில் உள்ள பணத்தை வார்டு மக்களிடம் விடப் போகிறீர்கள் என்று காட்டச் சொல்லுங்கள். கூடவே கவுன்சிலருக்கு நிற்பவர்களில் எத்தனை பேர் அதற்குச் சம்மதித்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி, அவருடைய சம்மதத்தோடு உங்கள் பகுதியில் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.