மேடையைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: கடலூரில் 160 பிள்ளைகள் படிக்கும் சிறிய உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. ஆண்டு விழாவில் 24 நிகழ்ச்சிகள் வைக்கிறோம். கடைசியில் வரும் நாடகத்தில் பிள்ளைகள் பேசுவது நாலாவது வரிசையைத் தாண்டிக் கேட்பதில்லை. மேடையை மைதானத்தின் மேற்கு ஓரத்தில், கிழக்கு பார்த்துப் போடுவது வழக்கம். இனி நாடகமே வேண்டாம், எல்லாவற்றையும் சினிமாப் பாட்டு நடனமாக்கிவிடலாம் என்கிறார்கள். சிறிய பள்ளிக்கு நாடகம் ஒத்துவராதா? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிரிவு உபசார விழாவுக்கு டிஜே கேட்கிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், மஞ்சக்குப்பம்

பதில்: நாடகம் தாராளமாக ஒத்துவரும். ஒத்துவராதது அந்த 24 தான்.

கணக்கைப் போடுவோம். நிகழ்ச்சி ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 96. ஒரு குழு இறங்கி அடுத்தது ஏற 3 நிமிடம் வீதம் 72. ஆறு பிரமுகர்கள், ஆளுக்கு 8 நிமிடம் என்று 48. ஆண்டறிக்கை, பொன்னாடை, நினைவுப் பரிசு 20. தொண்ணூறு பரிசுகளுக்கு 20 விநாடி வீதம் 30. மொத்தம் 266 நிமிடம். ஐந்தரைக்குச் சொன்னபடி தொடங்கினாலே பத்தடிக்க நாலு நிமிடம் இருக்கும்போதுதான் முடியும். சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்த ஊர் எது? திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதற்கு முன்பே, எட்டரைக்கெல்லாம் கைக்குழந்தைக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நாடகத்தைத் தள்ளிவிட்டு, எடுபடவில்லை என்று அதன் மேல் பழி போடுகிறீர்கள்.

கேட்காததற்கு உங்கள் கேள்வியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. கடலூரில் மாலைக் காற்று கடலிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து வருகிறது. மேற்கே நிற்கும் மேடையிலிருந்து கிழக்கு நோக்கிப் பேசினால் குரல் எதிர்காற்றில் போக வேண்டும். எதிர்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து பின்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலே போய்விடும். போதாததற்கு, ஆறு மணி வரை அவர்கள் கண்ணில் நேராக வெயில். சாமி பார்க்கிற திசை என்று மேடையைக் கிழக்கு பார்த்துப் போடுகிறார்கள். கோயிலுக்கு அது சரி, நாடகத்துக்கு மேடை கிழக்கு ஓரத்தில் மேற்கு பார்த்து நிற்கட்டும். காற்று குரலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்போது மேடையில் நிற்பவர்களுக்குக் கண் கூசும்தான். அந்த நேரத்தில் பிரமுகர்களைப் பேச விடுங்கள், பேச்சு தானாகச் சுருங்கும்.

பின்னால் 20 அடிக்கு 10 அடி ஃபிளெக்ஸ் கட்டாதீர்கள். கடல் காற்று பின்புறமிருந்து அடிக்கும்போது அது படகுப் பாயாகிச் சவுக்குக் கழியோடு சாயும். விளக்கு பட்டால் பளபளத்துப் பிள்ளைகளின் முகத்தையும் மறைக்கும். கறுப்புத் துணியைத் துண்டு துண்டாக, இடையில் ஒரு சாண் விட்டுத் தொங்கவிடுங்கள்.

அடுத்தது மைக். ‘நாலு மைக் போதவில்லை, எட்டு போடுங்கள்’ என்று சவுண்டு சர்வீஸ்காரரை நெருக்குவதுதான் எல்லாப் பள்ளியிலும் நடப்பது. திறந்திருக்கும் மைக்கின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், கூவாமல் ஏற்றக்கூடிய ஒலி 3 டெசிபல் இறங்கும். எட்டு மைக் போட்டால் எட்டும் கூவும். வாயிலிருந்து அரையடியில் இருக்க வேண்டிய மைக் 4 அடி தள்ளிப் போனால் 18 டெசிபல் போச்சு. ஆக, மூன்றே மைக். பேசுகிறவர் முன்னே வந்து ஒன்றில் பேசட்டும், பாடுகிறவர்களுக்கு ஒன்று, வாத்தியத்துக்கு ஒன்று. ஸ்பீக்கர் பெட்டிகள் மைக் வரிசைக்கு 6 அடியாவது முன்னால், பார்வையாளரைப் பார்த்து நிற்க வேண்டும். மேடைக்குள் பிள்ளைகளுக்குப் பின்னால் பெட்டி வைத்துவிட்டு ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை.

ஒவ்வொருவராக முன்னே வந்து பேசினால் நாடகம் எப்படி நாடகமாகும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் தெருக்கூத்து. மைக்கே இல்லாத காலத்தில், திறந்த வெளியில், விடிய விடிய ஊருக்கே கேட்கும்படி ஆடிய கலை அது. ராஜா ஒரு வரி சொன்னால், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ‘என்ன சொன்னீங்க மகாராஜா?’ என்று கேட்டு அதையே இழுத்துச் சொல்லுவான். பாட்டு வரியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவார்கள். எதுவும் இரண்டு முறை காதில் விழும். காட்சி மாற்றம் கிடையாது. இரண்டு பேர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்தால் பாத்திரம் அதன் பின்னால் வந்து நிற்கும். செலவும் இல்லை, நேரமும் போகாது.

28 பிள்ளைகள் இதில் அடங்குவார்கள்: வேஷம் கட்ட 9, கட்டியங்காரன் 1, பின்பாட்டு 12, ஆர்மோனியமும் தாளமும் 4, திரை பிடிக்க 2. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையைப் பின்பாட்டில் போடுங்கள், கூட்டத்தோடு குரல் வந்துவிடும். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரில் விசாரித்தால் கூத்து வாத்தியார் கிடைப்பார். ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. பாட்டையும் வசனத்தையும் மழைக்காலத்திலேயே வகுப்பறைக்குள் பாடம் பண்ணிவிடுங்கள். அடவை, அதாவது ஆட்ட அசைவுகளை, அரையாண்டுத் தேர்வு முடிந்து மைதானம் காய்ந்ததும் பழகலாம். பிள்ளைகளால் ஆகுமா என்ற சந்தேகம் கடலூர்க்காரருக்கு வரக் கூடாது. பக்கத்திலேயே புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில் சமாதியாகியிருக்கிறார் சங்கரதாஸ் சுவாமிகள். சிறுவர்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தியவர் அவர், 1922-இல் மறைந்தார்.

வேஷத்துக்குக் கல்யாண முருங்கையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் வாடகைக்கு எடுக்காதீர்கள். இலேசான மரம்தான், ஆனாலும் பெரியவர் தோளுக்கு அளந்தது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு அரை மணியில் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஜிகினா ஒட்டினால் பத்தடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஒப்பனையை அரிதாரம் என்கிறோம்; அது ஆர்சனிக் என்ற நஞ்சு உள்ள மஞ்சள் தாதுவின் பெயர், பேர் மட்டும் நிலைத்துவிட்டது. மலிவுக் குங்குமத்தில் ஈயம் இருப்பதுண்டு. கோலப்பொடியும் துணிச்சாயமும் பிள்ளைகள் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். முதலில் தேங்காய் எண்ணெய், அதன் மேல் மேக்கப் கேக். கலைக்கும்போதும் தேங்காய் எண்ணெயும் பழந்துணியும்தான். சோப்பு போட்டுத் தேய்த்தால் கண் எரியும்.

இனி 160-ஐப் பிரிப்போம். மேடை 24 அடிக்கு 16 அடி என்று வைத்துக்கொண்டால், கை விரித்து ஆட ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 5 அடிக்கு 5 அடி வேண்டும். முன்னும் பின்னும் மூன்று மூன்று அடி கழித்தால் பத்துப் பேருக்கு மேல் இடமில்லை. இருபது பேரை ஏற்றினால் பின்வரிசைக்காரியின் அம்மாவுக்கு மகள் தெரியமாட்டாள். பத்துப் பேர் வீதம் ஆறு நடனம், 60. சேர்ந்திசைக்கு மூன்று வரிசையில் 36. கூத்து 28. பறையாட்டம் 8. மீதி 28 பேருக்கும் வேலை இருக்கிறது: விளக்கு, ஒப்பனை, பாட்டுப் போடுவது, அடுத்த குழுவை இடப்பக்கப் படியில் நிறுத்துவது. இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்கினால் மாற்றத்துக்கு ஒரு நிமிடம் போதும். பாட்டுகளை 01, 02 என்று எண்ணிட்டு இரண்டு பென்டிரைவில் வையுங்கள். போனில் போட்டால் நடுப்பாட்டில் யாராவது ஒரு மாமா அழைப்பார். விளையாட்டுப் பரிசுகளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே கொடுத்துவிடுங்கள். ஒன்பது நிகழ்ச்சிகள், மூன்றாவதாகக் கூத்து. பேச்சுக்கு 20, பரிசுக்கு 10 நிமிடம் ஒதுக்கினாலும் ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஏழரைக்குள் நன்றியுரை வந்துவிடும்.

பறையைப் பற்றி ஒரு வார்த்தை. தைப் பனியில் தோல் தொய்ந்து சத்தம் மந்தமாகும். தீயில் காய்ச்சித்தான் ஏற்ற வேண்டும். அதைப் பந்தலிலிருந்து 50 அடி தள்ளி, ஒரு பெரியவர் கையால், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு செய்யுங்கள். மிருதங்கம் இருந்தால் அதன் முறை வரும்வரை அறைக்குள்ளேயே இருக்கட்டும்.

விளக்குக்கு எல்இடி கேளுங்கள். ஆயிரம் வாட் ஹாலஜன் ஒன்று 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வகுப்பறையின் 6 ஆம்பியர் பிளக்கில் இரண்டைச் செருகினால் பிளக் உருகும்.

தேதியில் கவனம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்கு. மார்ச் பொதுத்தேர்வுக்கு. பொங்கலுக்குப் பிந்தைய நாலைந்து வாரம்தான் மிச்சம். அதிலும் முகூர்த்த நாளில் சவுண்டு சர்வீஸ் கிடைக்காது, தைப்பூசத்தன்று பேருந்தெல்லாம் வடலூர் போகும், மாசி மகத்தன்று ஊரே தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருக்கும்.

டிஜே விஷயம். பத்தாம் வகுப்பில் எத்தனை பேர்? முப்பது இருக்குமா? முப்பது பேருக்கு டிஜே எதற்கு? பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை ஒரு வகுப்பறை, ஒரு சிறிய ஸ்பீக்கர், ஒன்பதாம் வகுப்பார் சமைத்த எலுமிச்சை சாதம். பாட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், ஆசிரியர் முன்கூட்டியே ஒருமுறை கேட்டுவிடட்டும். நாலே காலுக்குள் எல்லாரும் பேருந்தில் இருக்க வேண்டும்.

திசையில் இன்னும் சந்தேகமிருந்தால், தை பிறந்ததும் ஒரு மாலை நாலரை மணிக்கு மைதானத்தின் நடுவில் துண்டை உயர்த்திப் பிடியுங்கள். அது பறக்கிற பக்கம் நாற்காலியைப் போடுங்கள்.