சான்றிதழ் வந்த பிறகுதான் பாட்டிக்குத் தெரியணுமா?

கேள்வி: மகள் பிறந்து 50 நாள் ஆகிறது. நானும் கணவரும் ‘ஐரீன்’ என்று பெயர் வைக்க முடிவு செய்திருக்கிறோம். கிரேக்கப் பெயராம். அதன் பொருள் என்ன? எங்கிருந்து வந்தது? நல்ல பெயர்தானா? என் மாமியார்தான் கூடவே இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சான்றிதழில் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர்

பதில்: அமைதி என்று பொருள். கிரேக்கர்கள் இன்று ‘இரீனி’ என்பார்கள். பழங்காலத்தில் அது ஒரு பெண் தெய்வத்தின் பெயர்; கிரேக்கக் கடவுள்களின் தலைவன் சீயஸின் மகள் அவள். செல்வத்தையே ஒரு குழந்தை உருவில் கையில் ஏந்திய அவள் சிலை ஏதென்ஸில் இருந்தது. பிறகு கிறிஸ்தவப் புனிதையின் பெயரானது. கிரேக்கத்தின் சாந்தோரினி தீவுக்குப் பெயர் வந்ததும் அந்தப் புனிதையால்தான். நல்ல பெயரா என்றால், 797-ல் இதே பெயர்கொண்ட பைசாந்திய (கிழக்கு ரோமானிய) பேரரசி, அரியணைக்காகத் தான் பெற்ற மகனின் கண்களையே பறிக்க வைத்தாள். பெயர் என்ன செய்யும், பாவம்!

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கடைசி வரி. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட, சாம்பிராணி காட்ட, ராத்திரி தூளி ஆட்ட மாமியார் வேண்டும். பெயரை மட்டும் அரசாங்க முத்திரை விழுந்த பிறகு காட்டுவீர்களா? முன்பே சொன்னால் வேண்டாம் என்பாரோ என்ற பயம். அதனால் அவர் வாயைத் திறக்கவே வழியில்லாமல் செய்கிறீர்கள். உங்கள் அம்மாவிடம் இப்படி மறைத்திருப்பீர்களா? கிரேக்கர்களிடம் முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. நம் ஊரிலும் உண்டு. பாட்டி பெயரையே வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேத்தியின் பெயரைக் கடைசி ஆளாகத் தெரிந்துகொள்ளும் நிலை எந்தப் பாட்டிக்கும் வரக்கூடாது.

அப்புறம், உங்கள் கணவர் எங்கே? பெற்ற தாயிடம் பேச வேண்டியவர் அவர். உங்களைக் கடிதம் எழுத விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டாரா?

சான்றிதழுக்கு அவசரமே இல்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். இந்த வாரமே உங்கள் கணவர் தன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசட்டும், நீங்களும் பக்கத்தில் இருங்கள். மாமியார் கோபப்பட்டால் படட்டும், குறுக்கே பேசாதீர்கள். ‘ஐரீன்’ வாயில் நுழையவில்லை என்றால், வீட்டில் கூப்பிட ஒரு பெயரை அவரே வைக்கட்டும். அது பழைய காலத்துப் பெயராக இருந்தாலும் முகம் சுளிக்காமல் நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள்.